எழுபத்தோராவது நிமிசம்

நாற்பத்திரண்டாவது நிமிசத்தில் அம்மா கைப்பையின் ஸிப்பை மெல்ல இழுத்து, ஃபொயில் பேப்பரில் சுற்றின தட்டை வடையை வெளியே எடுத்தா. வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுவரக் கூடாது என்று தியேட்டர் வாசலிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். அம்மா அதை ஆறுதலாக நின்று வாசித்துவிட்டுத்தான் கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினவ. பேப்பர் சரசரத்தது. முன்வரிசையில் ஒரு தலை கோபமாகத் திரும்பி, இது கதாநாயகியின் தாய் என்று கண்டதும் சிரித்துவிட்டுப் பழையபடி திரையைப் பார்த்தது. "இந்தா பிள்ளை, சாப்பிடு. காலமையிலயிருந்து ஒண்டும் தின்னேல்லை நீ." தேனுகா ஒரு வடையை வாங்கித் தின்னாமல் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். எண்ணெய் பிசுபிசுத்தது. திரையில் அதே தேனுகா, வீட்டுச் சுவர் அளவு முகத்தோடு, மொன்றியலில் ஏதோ ஒரு கந்தோர்க் கட்டடத்தின் கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். படத்தில் அவளுக்கு சுலோ என்று பெயர், அகதியாக வந்து கந்தோர் கூட்டுகிற பெண். இன்னும் இருபத்தொன்பது நிமிசம் இருக்கிறது. எழுபத்தோராவது நிமிசத்தில் சுலோவுக்கு ஊரிலிருந்து போன் வரும், தம்பி செத்துப்போனான் என்று. சுலோ துடைக்கிற துவாயை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுவாள். அழுகையின் நடுவில் துவாயை எடுத்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அது கதையில் எழுதியிருந்த பெயர் இல்லை. அது அம்மாவின் சொந்தத் தம்பியின் வீட்டுப் பெயர். அம்மாவின் கணக்கில் அந்தத் தம்பி இன்னும் சாகவில்லை. ஸ்காபரோவில் ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், முந்நூறு தமிழ்ச் சனத்துக்கு நடுவில், அம்மா பெற்ற மகளின் வாயாலேயே அவர் சாகப்போகிறார்.

மாமாவின் முழுப்பெயர் விமலேந்திரன். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜராக இருந்தவர், காணாமல் போகும்போது இருபத்தொன்பது வயது. சண்டையின் கடைசி நாட்களில் அவரை ஒரு பாலத்தடியில் சனத்தோடு சனமாகக் கண்டதாக ஒருத்தர் சொன்னார், பிறகு சொன்ன அந்த ஆளையும் காணவில்லை. அம்மாவுக்கு அவர் விமலேந்திரன் இல்லை, வண்டு. குழந்தையில் பால் குடிக்கும்போது மூக்கால் ரீங்காரம் போடுவாராம், அதனால் அம்மா வைத்த பெயர். வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டால் அடிக்க வருவாராம். தேனுகா மாமாவைக் கண்டதில்லை, போனில் குரல் மட்டும் கேட்டிருக்கிறாள். பட்டத்துக்கு வால் எவ்வளவு நீளம் வைக்கிறது என்று அவளுக்கு இங்கிலிசிலும் தமிழிலும் மாறி மாறி விளங்கப்படுத்தின குரல். கடைசிப் போனில் அவர் ஓடுகிற சப்பாத்து ஒன்று கேட்டார், ஒன்பதாம் அளவு, வெள்ளை வேண்டாம் ஊத்தை தெரியும் என்றார். அம்மா அனுப்புகிறேன் அனுப்புகிறேன் என்று ஆறு மாதம் இழுத்துவிட்டா, பிறகு ஆமிக்காரன் பாதையைப் பூட்டிப்போட்டான். அந்தச் சப்பாத்து இன்றைக்கும் பெட்டியோடு பேஸ்மென்ட் படிக்குக் கீழே இருக்கிறது, கடும் நீலம். மாமாவின் படமும் வீட்டில் இருக்கிறது. செத்த ஆக்களின் படங்கள் சாமியறையில் மாலையோடு நிற்க, அவருடைய படத்தை மட்டும் அம்மா வரவேற்பறையில், தேனுகாவின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில், உயிரோடு இருக்கிற ஆக்களோடு மாட்டியிருக்கிறா. அந்தியேட்டியும் இல்லை, திவசமும் இல்லை. ஒருமுறை கோயில் ஐயர், ஒரு திதி பார்த்துச் செய்துவிட்டால் ஆத்மாவுக்கு நல்லது என்று பட்டும்படாமலும் சொல்லப்போக, அம்மா அந்தக் கோயிலுக்குப் போகிறதையே விட்டா. "அவன் எங்கையோ இருக்கிறான். வருவான். வந்தா முதல் சப்பாத்தைத்தான் கேப்பான்." இதை அம்மா சொல்லாத ஆளில்லை. வருசா வருசம் காணாமல் போன ஆக்களின் படங்களைப் பிடித்துக்கொண்டு சனம் ரோட்டில் நிற்கிற நாளில், மழையென்றாலும் அம்மா போய் நிற்பா. கூட நிற்கிறது பவளம் அன்ரி, மகனைத் தேடுகிறவ. இப்போது அம்மாவுக்கு அந்தப் பக்கத்துச் சீட்டில் இருந்து வடையைக் கடிக்கிறதும் அதே பவளம் அன்ரிதான். வேறு யாரை அம்மா கூட்டிவருவா? இரண்டு பேரும் ஆளுக்கொரு காஞ்சிபுரம் கட்டி, கீழே பனிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, கலியாண வீட்டுக்கு வருகிற மாதிரி வந்திருந்தார்கள். "உங்கட பிள்ளை மூக்கும் முழியுமா என்ன வடிவாத் தெரியுது," என்று அன்ரி முதல் காட்சியிலேயே அம்மாவின் காதுக்குள் சொன்னா, பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி.

நாற்பத்தொன்பது. கைபேசியின் வெளிச்சத்தை உள்ளங்கையால் மூடிப் பார்த்தாள். படத்தில் சுலோ பஸ்ஸுக்கு ஓடுகிறாள், அம்மா சிரிக்கிறா. அம்மாவின் ஓட்டம்தான் அது, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, ஒரு கையால் சால்வையைப் பிடித்தபடி. அம்மாவுக்கு அது விளங்கவில்லை. விளங்காமல் விழுந்து விழுந்து சிரிக்கிறா. அதுதான் இவளுடைய ஒரேயொரு நம்பிக்கை. மனுசருக்குத் தங்களுடைய முதுகு தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பில் ரிவி நாடகத்தில் நடித்தபோதும் அப்படித்தான். கடைக்காரரின் மகள் வேடம், மூன்று சீசன், அவளுக்கு இருந்த வேலை கதாநாயகியின் பின்னால் நின்று பிழையான இங்கிலிசில் ஏதாவது சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைக்கிறது. அந்த இங்கிலிசை அவள் எங்கே போய்ப் படிப்பாள், வீட்டில் அம்மா சமைக்கிற குசினிக்குள்தான். அம்மா 'வெஜிடபிள்' என்று சொல்கிற விதம், அம்மா டெலிபோன்காரனோடு சண்டை பிடிக்கும்போது 'வட் இஸ் திஸ்' என்று இரண்டு தரம் கேட்கிற விதம். ஊரெல்லாம் சிரித்தது. அம்மாவும் சோபாவில் இருந்து சிரித்தா, "ஆரோ எங்கட ஆக்கள் கதைக்கிற மாதிரியே கதைக்கிறாய் பிள்ளை" என்றா. அந்த 'ஆரோ'வைக் கேட்டபோது தேனுகாவுக்குக் காது சுட்டது. ஆனால் அடுத்த கிழமையும் அம்மா மரக்கறிக் கடையில் எதையோ பேசினபோது அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்று கேட்டாள், விடவில்லை. விடாதே என்றுதான் நடிப்பு வகுப்பில் சொல்லித் தந்தார்கள். கண்டது கேட்டது எல்லாவற்றையும் ஒரு போத்தலுக்குள் போட்டு மூடி வையுங்கள், ஒருநாள் உதவும். இவள் போட்டாள். போத்தல் முழுக்க அம்மா.

அதே அம்மாதான் இவளை ஏழு வயதில் சூப் விளம்பரத்துக்குக் கூட்டிப்போனவ. மூன்று பஸ் மாறி, பனிக்குள், இவளுடைய ரிபன் நனையாமல் இருக்க அதைத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய், வாசலில் வைத்துக் கட்டிவிட்டவ. அந்த விளம்பரத்தில் இவளுக்கு ஒரே வசனம், 'இன்னும் இருக்கா?' பதினேழு தரம் சூப் குடித்து, பதினெட்டாம் தரம் சத்தி எடுத்தாள். பிறகு பள்ளிக்கூடம், பிறகு அந்த ரிவி நாடகம், பிறகு ஒன்றுமில்லாத நாலு வருசம். நர்ஸ், இரண்டாவது நர்ஸ், செத்துக் கிடக்கிற பெண், காப்பிக் கடையில் கதாநாயகனுக்குப் பேப்பர் கப் நீட்டுகிற கை. கை மட்டும், முகம் வரவில்லை, அம்மா அந்தக் கையையும் போனில் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினா. அந்த நாலு வருசமும் வீட்டில் நீலப் படுக்கை விரிப்பைச் சுவரில் குத்திவிட்டு அதற்கு முன்னால் நின்று ஓடிசனுக்குப் படம் பிடித்து அனுப்புவாள். எதிர்ப்பக்கத்து வசனம் வாசிக்கிறது அம்மா. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கடதாசியைத் தூரப் பிடித்து, காதலனின் வசனத்தை, பொலிஸ்காரனின் வசனத்தை, கொலைகாரனின் வசனத்தை, எல்லாவற்றையும் தேவாரம் சொல்கிற ஒரே குரலில் வாசிப்பா. 'ஐ வில் நெவர் லீவ் யூ, பிரெண்டன்' என்று வாசித்துவிட்டு, "ஆர் இந்த பிரெண்டன்? நல்ல பிள்ளையோ?" என்பா. சிரிக்காமல் நடிக்கிறது பெரும் பாடு. இந்தப் படத்துக்கு மட்டும் இவள் அம்மாவைக் கூப்பிடவில்லை. சிநேகிதி வீட்டுக்குப் போய்ச் செய்தாள். "ஏன் பிள்ளை, என்ர வாசிப்பு சரியில்லையோ?" என்று அம்மா கேட்டா. இல்லையம்மா, ஒலி நல்லா வரவேணும், அங்கே நல்ல மைக் இருக்கு என்றாள். பொய். அன்றைக்கே தெரியும், போத்தலின் அடியில் கிடந்ததை எடுக்கப்போகிறேன் என்று. அம்மாவின் முகத்துக்கு நேரே எடுக்கக் கூசியது. கூசியது, ஆனால் எடுத்தாள்.

ஐம்பத்தாறு. போத்தலின் அடியில் கிடந்தது இதுதான். அவளுக்குப் பத்து வயது. மாமா காணாமல் போய் ஆறு மாதம். அம்மா அந்த ஆறு மாதத்தில் ஒரு பொட்டுக் கண்ணீர் விட்டதை ஒருத்தரும் காணவில்லை, அப்பாகூட. எல்லாருக்கும் தைரியம் சொன்னா, எங்கெங்கோ கடிதம் எழுதினா, வருவான் என்றா. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரங்களெல்லாம் இலை கொட்டி நின்ற மாதம், அப்பா வேலையில். தேனுகா தன் காலுறை ஒன்றைத் தேடி பேஸ்மென்டுக்கு இறங்கினாள். உடுப்புக் காயவைக்கிற ட்ரையர் மிசின் கீழே ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே ஏதோ பொத்தான் தட்டித் தட்டிச் சுற்றியது. அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம். ஆறாவது படியில் நின்றாள். அங்கே இருந்து பார்த்தால் மிசினும் அம்மாவின் ஒரு பக்கமும் தெரியும். அம்மா சீமெந்து நிலத்தில் குந்தியிருந்து, பின்தலையை மிசினோடு சாய்த்து, சூடான துவாயை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டு இருந்தா. ஒரு கை மடியில் அடித்தது, ஆனால் மெல்ல, மேலே கேட்கக் கூடாதென்று மெல்ல. பிறகு துவாயை எடுத்தா. "என்ர வண்டு," என்றா. "அக்காவை விட்டிட்டுப் போட்டியே ராசா. நீ கேட்ட சப்பாத்தை நான் அனுப்பேல்லையே. வெறுங்காலோட போட்டியே." மறுபடி துவாய். அது வருவான் என்று சொல்கிற ஆளின் அழுகை இல்லை. செத்தவீட்டு அழுகை. அம்மாவுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் இல்லை இல்லை என்று சொல்லிவிட்டு, கீழே வந்து, மிசினை ஓடவிட்டு, தனிய ஒரு செத்தவீடு கொண்டாடிக்கொண்டிருந்தா. தேனுகா எவ்வளவு நேரம் நின்றாள்? மிசின் நிற்கும்வரைக்கும். அது ட்ட்ட்ட் என்று மணியடித்து நின்றதும் அம்மா முகத்தைத் துடைத்து, துவாயை உதறி மடித்து, மற்றத் துவாய்களுக்கு மேலே வைத்தா. இவள் ஓசைப்படாமல் மேலே ஏறி, ரிவியைப் போட்டு அதற்கு முன்னால் இருந்தாள். அன்றிரவு குளித்துவிட்டுத் துடைக்கத் துவாய் எடுக்கையில், இது அதுவோ, இதுவோ என்று ஒவ்வொன்றாக மணந்து பார்த்தாள். இதை ஒருத்தருக்கும் சொல்லவில்லை. பதினைந்து வருசம் சொல்லாமல் வைத்திருந்துவிட்டு, பிறகு ஒரே நாளில் உலகத்துக்கே காட்டினாள்.

அந்த ஒரு நாள். படப்பிடிப்பு, மாசி மாதம், உள்ளே விளக்குச் சூடு, வெளியே மைனஸ் இருபது. டைரக்டர் கிளேர் நல்ல மனுசி, குரல் உயர்த்தத் தெரியாது. காகிதத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: போனை வைக்கிறாள், அழுகிறாள், தம்பியின் பெயரைச் சொல்கிறாள். நாலு தரம் எடுத்தார்கள். நாலு தரமும் நடிப்பாகத்தான் வந்தது, நல்ல நடிப்பு, கிளேர் தலையாட்டினா, அந்தத் தலையாட்டல் இவளுக்குச் சுட்டது. ஐந்தாம் தரத்துக்கு முதல் இவள் ஒரு துவாய் கேட்டாள். என்ன நிறம் என்றார்கள். எந்த நிறமென்றாலும் பரவாயில்லை, சூடாக்கித் தாருங்கள் என்றாள். சூடாக்கித் தாருங்கள் என்று கேட்ட வாய் இது. யாரோ ஓடிப்போய்த் தலைமயிர் காயவைக்கிற மிசினால் சூடாக்கிக்கொண்டுவந்து தந்தார்கள். பிறகு நடந்தது அவளுக்கு முழுக்க நினைவில்லை என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறாள். அதுவும் பொய், ஒவ்வொரு துளியும் நினைவிருக்கிறது. கை மடியில் மெல்ல அடித்தது. வண்டு என்றாள், சப்பாத்து என்றாள், வெறுங்கால் என்றாள். அந்த இடத்தில் தமிழ் தெரிந்த ஆள் ஒருத்தரும் இல்லை. முடிந்ததும் கமெராக்காரர் கண்ணைத் துடைத்தார், கிளேர் வந்து முழங்காலில் நின்று, இது எங்கேயிருந்து வந்தது என்று கேட்டா. தேனுகா சொன்னாள், தானா வந்தது. தானா வந்ததாம். அந்த இரண்டு சொல்லை நினைத்தால் இன்றைக்கும், பல் விளக்கும்போதோ பஸ்ஸுக்கு நிற்கும்போதோ, அவளுக்கு வாய்விட்டு ஒரு முனகல் வந்துவிடும். பக்கத்தில் நிற்கிற ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு கிளேர் ஒரு காரியம் செய்தா. படத்தில் சுலோவுக்கு ஒரு சின்ன மகள் இருக்கிறாள், அந்தப் பிள்ளை கதவடியில் நின்று பார்த்துவிட்டு, வந்து தாய்க்குப் பக்கத்தில் இருந்து, அடிக்கிற கைக்கு மேல் தன் கையை வைக்கிற மாதிரிச் சேர்த்துவிட்டா. தேனுகாவுக்கு அது கட்டோடு பிடிக்கவில்லை. அது பொய் மாதிரி இருக்கு, பிள்ளைகள் அப்படி வரமாட்டார்கள் என்று முகம் சிவக்க வாதாடினாள். ஏன் வரமாட்டார்கள் என்று கிளேர் கேட்டா.

பெயரையாவது மாற்றியிருக்கலாம். குரலை மட்டும் திரும்பப் பதிந்து, வண்டுவுக்குப் பதில் ரவி என்றோ சின்னவா என்றோ போட்டிருக்கலாம். ஒருநாள் வேலை. ஒலிக்கூடத்தில் கிளேர் தானாகவே கேட்டா, ஏதாவது மாற்ற வேண்டுமோ என்று. இவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள்ளே, மாற்றினால் கெட்டுப்போகும் என்று ஒரு குரல் சொன்னது, அவளுடைய குரல்தான், நல்ல தெளிவான குரல். இல்லை, அப்படியே இருக்கட்டும் என்றாள். அந்த அழுகைக்குத்தான் விருது தந்தார்கள். மேடையில் அம்மாவுக்கு நன்றி என்றாள், சனம் கைதட்டியது, அம்மா வீட்டில் அந்தப் பேச்சின் வீடியோவை நாற்பது தரம் போட்டுப் பார்த்தா. அவள் எதற்கு நன்றி சொன்னாள் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். இன்றைக்குக் காரில் வரும்போது எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தாள். மூன்று தரம் "அம்மா" என்றாள். முதல் தரம் பவளம் அன்ரியை ஏற்றுகிற சந்தி வந்துவிட்டது. மற்ற இரண்டு தரமும் அன்ரி பின்சீட்டில் இருந்தா. "என்ன பிள்ளை, பயமோ? உன்ர படத்துக்கு உனக்கென்ன பயம்?" என்று அம்மா கேட்டா. அன்ரி பின்னால் இருந்து, "பெரிய நடிகை எண்டாலும் குழந்தைப் பிள்ளைதானே" என்றா.

அறுபத்துமூன்று. ஒரு வழி இருக்கிறது. அம்மாவை வெளியே கூட்டிப்போகிறது. எட்டு நிமிசத்துக்குள் எழும்பி, பாத்ரூம், வரிசை, கை கழுவல், பத்து நிமிசம் தாராளமாகக் கழியும். அவள் குனிந்தாள். "அம்மா, வொஷ்றூம் போவமோ?" அம்மா திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "இப்பவோ? படம் நடக்குது. நீ போட்டு வா." "எனக்குத் தனியப் போக ஒரு மாதிரி இருக்கம்மா." இருபத்தாறு வயதுப் பெண் சொல்கிற கதையா இது. அம்மா திரும்பி அவளைப் பார்த்தா, இருட்டில் மூக்குத்தி மட்டும் மின்னியது. நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தா. "காய்ச்சல் இல்லை. அந்த வடையைத் தின், தின்னாமக் கிடந்தா அப்பிடித்தான் வரும்." வடை கைக்குள் நொறுங்கி மாவாகிவிட்டது. அவள் அதைக் கடதாசிக் கைக்குட்டையில் கொட்டினாள். அறுபத்தைந்து. படம் அறுந்துபோகலாம், மின்சாரம் நிற்கலாம், தீ மணி அடிக்கலாம். சின்ன வயதில் பள்ளியில் கணக்குச் சோதனைக்கு முதல் தீ மணி அடிக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டதும் இப்படித்தான். வண்டு என்று சொல்கிறது சிலவேளை யாருக்கும் விளங்காது, வீட்டுப் பெயர்தானே. ஆனால் சப்பாத்து? பவளம் அன்ரிக்கு அந்தச் சப்பாத்தின் நிறமும் தெரியும், அளவும் தெரியும். அன்ரி திரும்பி அம்மாவைப் பார்ப்பா. பார்த்ததும் விளங்கும், இத்தனை வருசமும் ரோட்டில் தன் பக்கத்தில் நின்று வருவான் வருவான் என்றவ, உள்ளுக்குள் எப்போதோ அழுது முடித்துவிட்டா என்று. மகள் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று. சீ, எனக்கு வெட்கமில்லை. வெட்கமிருந்தால் இதற்குள்ளும் கண் அம்மாவின் கையையே பார்க்குமா? பார்த்தது. அம்மாவின் கை ஃபொயில் பேப்பரை நாலாக மடித்து, விரல் நகத்தால் விளிம்பை நீவுவதைக் கண் பார்த்தது, இதை எங்கேயாவது வைத்துக்கொள் என்று உள்ளே யாரோ சொன்னது கேட்டது.

எழுபது. போன் அடித்தது. சுலோ எடுத்தாள். இந்த இடத்தில் கிளேர் சத்தம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டா, முந்நூறு பேர் மூச்சு விடுகிறது மட்டும் கேட்டது. தேனுகா திரையைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை, ஒவ்வொரு நொடியும் பாடம். அவள் அம்மாவைப் பார்த்தாள். சுலோ சுவரோடு சரிந்து நிலத்தில் குந்தினாள். துவாய் வாய்க்குள் போனது. அம்மாவின் விரல் பேப்பரில் நின்றது. அதன் பிறகு அம்மா அசையவில்லை. கை மடியில் அடித்தது, மெல்ல, மெல்ல. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இப்போது துவாயை எடுப்பாள், இப்போது. தேனுகா கண்டாள், அம்மாவின் உதடு திறந்தது. திரையில் இருக்கிற உதடு திறப்பதற்கு முன்னமே திறந்தது. சத்தமில்லை, வெறும் உதடு. என்ர வண்டு. ஒரு இமைப்பொழுது கழித்துத்தான் திரையில் இருந்து, நாலு பக்கச் சுவரில் இருந்தும், "என்ர வண்டு" என்று தேனுகாவின் குரல் வந்தது. அக்காவை விட்டிட்டு, என்று அம்மாவின் உதடு முன்னால் போனது, குரல் பின்னால் வந்தது. வெறுங்காலோட என்ற இடத்தில் அம்மாவின் உதடு நின்றுவிட்டது, குரல் மட்டும் சொல்லி முடித்தது. பவளம் அன்ரி திரும்பினா. நினைத்தபடியே திரும்பினா, நினைத்தபடியே அம்மாவைப் பார்த்தா. நெடுநேரம் பார்த்தா. பிறகு தன் சீலைத் தலைப்பால் அம்மாவின் தாடையில் தொங்கிக்கொண்டிருந்த துளியை ஒற்றி எடுத்தா. ஒற்றிவிட்டு, அதே தலைப்பால் தன் கண்ணையும் துடைத்தா. தேனுகாவுக்கு எழும்பி ஓட வேண்டும் போல் இருந்தது. அவளுக்குள் இருக்கிற அந்த மற்றவள், வெட்கம் கெட்டவள், வெறுங்காலோட என்கிறதை நீ அவசரப்பட்டுச் சொல்லிவிட்டாய், அதில் ஒரு நிறுத்தம் இருக்க வேணும் என்றாள்.

திரையில் அந்தச் சின்னப் பிள்ளை கதவடியில் வந்து நின்றது. ஒரு காலுறை மட்டும் போட்ட பிள்ளை. அது நடந்து வந்து தாய்க்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, அடிக்கிற கைக்கு மேல் தன் கையை வைத்தது. தாயின் கை நின்றது. அவ்வளவுதான், காட்சி முடிந்தது, வெளியே பனி கொட்டுகிறது, பஸ் போகிறது. அம்மா மூச்சை இழுத்து விட்டா. பிறகு தேனுகாவின் பக்கம் சரிந்தா. நல்லெண்ணெயும் வடையும் மணத்தது. "அந்தப் பிள்ளை வந்து பக்கத்தில இருந்திச்சு," என்றா, ரகசியமாக. "நல்லா இருந்தது அது." தேனுகா திரையின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "உன்னட்டை ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு நீ ஆறாம் படியில நிண்டனி. உன்ர கால் தெரிஞ்சது எனக்கு, ஒரு கால்ல காலுறை இல்லை." அம்மா நிறுத்தினா. குரலில் கோபமில்லை. பதினைந்து வருசமாக வைத்திருந்த சின்னச் சந்தேகம் ஒன்றைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டா. "ஏன் பிள்ளை இறங்கி வரேல்லை?"

வண்டு இல்லை, சப்பாத்து இல்லை, துவாய் இல்லை. அம்மா கேட்டது இதைத்தான். இத்தனை நாளும் எதற்கு வெட்கப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறெதற்கோ வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். முகம் மட்டுமில்லை, கழுத்து, முதுகு, கால் விரல்வரைக்கும் சுட்டது. பயமாயிருந்ததம்மா என்று சொல்லலாம். நல்ல வசனம். தாழ்ந்த குரலில், கொஞ்சம் மூச்சு உடைந்து சொன்னால் அம்மா உருகிவிடுவா, தலையைத் தடவுவா, எல்லாம் சரியாகிவிடும். எப்படிச் சொல்லவேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியும், மூன்று விதமாகச் சொல்லத் தெரியும். தெரிந்தபடியால் அதைச் சொல்ல முடியவில்லை. "பயமில்லை அம்மா," என்றாள். குரல் அசிங்கமாக, கரகரவென்று வந்தது. "பாத்துக்கொண்டு நிண்டனான். எப்பிடி அழுறீங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

திரையில் சுலோ பஸ்ஸுக்குள் ஏறி, ஜன்னலோரம் இருந்தாள். பவளம் அன்ரி மூக்கைச் சீறினா. அம்மா நாலாக மடித்த ஃபொயில் பேப்பரைக் கைப்பைக்குள் வைத்து, ஸிப்பை இழுத்து மூடினா. பிறகு இருட்டுக்குள் கையை நீட்டி, எண்ணெயும் வடைத்தூளும் ஒட்டின தேனுகாவின் கையைத் தேடிப் பிடித்துத் தன் மடியில் வைத்தா.

"அடுத்தமுறை இறங்கி வா," என்றா.